சத்துணவில் காய் குறையும்போது: கணக்கு, கொள்முதல், ஒரு சென்ட் தோட்டம்

அரசின் ஒதுக்கீடு சுருங்கும்போது சத்துணவுத் தட்டில் சோறு குறைவதில்லை. முட்டையும் பெரும்பாலும் தப்பிவிடும். குறைவது சாம்பாரில் கிடக்கும் காய்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து பொருளாகவே வந்து இறங்குகின்றன. முட்டை ஒப்பந்ததாரர் மூலம் எண்ணிக்கைக் கணக்கில் வருகிறது. காய்கறி, தாளிதப் பொருள், எரிபொருள் ஆகியவற்றுக்குத்தான் உணவூட்டுச் செலவினம் என்ற பெயரில் பணம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு சத்துணவு மையத்தின் அமைப்பாளர் கடைக்குப் போகிறார். கடையில் விலை ஏறினால் பொருளாக வருவதை அது தொடாது, பணமாக வருவதைத்தான் அரிக்கும். அந்த மூன்றிலும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் இல்லாமல் குழம்பு கூடாது, சிலிண்டர் இல்லாமல் அடுப்பு எரியாது. கை வைக்க மிச்சம் இருப்பது காய்கறி மட்டுமே.

இந்த வெட்டு அறிவிப்போடு வருவதில்லை. மத்திய அரசின் பி.எம். போஷண் என்ற பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாள் பொருள் செலவு 2022 அக்டோபரில் 5.45 ரூபாய் என்று வைத்தார்கள். 2024 டிசம்பரில்தான் அது 6.19 ஆனது, 2025 மே மாதம் 6.78. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தொகை அசையவில்லை. அதே காலத்தில், 2023 ஜூலையில், தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நிலை வந்தது. அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-23இல் 12,681 கோடி ரூபாய் செலவிட்டது. அடுத்த ஆண்டின் திருத்திய மதிப்பீடு 10,000 கோடி. தமிழ்நாடு தன் கையிலிருந்து இதற்கு மேலும் போடுகிறது, முட்டை அதற்குச் சாட்சி. ஆனாலும் விலையோடு சேர்ந்து நகராத எந்தத் தொகையும் வருடா வருடம் சத்தமில்லாமல் வெட்டப்படும் தொகைதான்.

இந்தக் குறிப்புகள் சத்துணவு அமைப்பாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும், ஊராட்சி உறுப்பினர்களுக்கும். பணம் கூடும்வரை தட்டில் காயை எப்படித் தக்கவைப்பது, பணம் கூட வேண்டும் என்று எப்படிக் கேட்பது, இரண்டும் இதில் உண்டு.

முதலில் எடை போடுங்கள்

"காய் பத்தல" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். எத்தனை கிராம் பத்தவில்லை என்று சொல்ல வேண்டும். மத்திய அளவுகோல்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம். அறுபது பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3 கிலோ, ஐந்து நாளைக்கு 15 கிலோ.

ஒரு வாரம் முழுக்க, காய் வாங்கி வந்ததும் ஒரு முறை, நறுக்கி முடித்து அடுப்பில் போகும் முன் ஒரு முறை எடை போட்டு எழுதுங்கள். இரண்டாவது எடைதான் பிள்ளையின் தட்டுக்குப் போவது. கத்தரியிலும் வெண்டையிலும் கழிவு பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். பூசணியில் தோல், விதை, குடல் போனால் கால் பங்கு காலி. முருங்கைக்கீரையைக் கொத்தோடு எடை போட்டு வாங்கினால் இலை பாதிகூடத் தேறாது. முருங்கைக்காய் சாம்பாரில் பார்வைக்கு நிறைய இருக்கும், பிள்ளை சக்கையைத் துப்பிவிடும்; அதைக் காய்கறிக் கணக்கில் பாதியாக எழுதுவதே நியாயம். பல காய்களும் கலந்து சராசரியாக நூற்றுக்கு 15 கழிவு என்று வைத்தால், 15 கிலோ தட்டுக்குப் போக ஏறக்குறைய 17.6 கிலோ வாங்க வேண்டும். கிலோ 40 ரூபாய் வீதம் வாரத்துக்கு ஏறக்குறைய 705 ரூபாய்.

இனி கையில் இருப்பதைப் பாருங்கள். சிலிண்டரும் தாளிதமும் போகக் காய்க்கு மிஞ்சுவது வாரத்துக்கு 480 ரூபாய் என்று வைப்போம். அதே விலையில் 12 கிலோ கிடைக்கும், நறுக்கிய பின் 10.2 கிலோ. பிள்ளைக்கு 34 கிராம். 16 கிராம் குறைகிறது, வாரத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ. கீழே வரும் எல்லா வேலையும் இந்த 5 கிலோவுக்காகத்தான். உங்கள் மையத்தின் எண் வேறாக இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் 50 கிராமுக்குள் சேர்த்துக் கணக்கை நேராக்கிவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் நேராகிறது. சோற்றோடு உருளை சேர்ந்தால் மாவின் மேல் மாவு. கீரையும் பூசணியும் கேரட்டும் செய்யும் வேலையை அது செய்யாது. பதிவேட்டில் இவற்றைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

வாங்கும் இடமும் நேரமும்

அமைப்பாளர்கள் பலர் தெருமுனைக் கடையில் வாங்குவதற்குச் சோம்பல் காரணமில்லை. பணம் தாமதமாக வருகிறது, கடைக்காரர் கடன் கொடுக்கிறார். கடனுக்கு வாங்கும்போது விலையையும் அவர்தான் சொல்வார், அழுகலையும் அவர்தான் கலப்பார். பணம் வரும்வரை மாதத்தில் ஒரு வாரத்துக்காவது ரொக்கம் புரள வழி செய்தால் காய் கூடும். மதிய உணவுத் திட்டத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிகள், திட்டப் பணம் தீர்ந்துபோனால் பள்ளியின் வேறு நிதியைத் தற்காலிகமாகப் பயன்படுத்தி, பணம் வந்ததும் ஈடுகட்டிக்கொள்ள இடம் தருகின்றன. தலைமை ஆசிரியரிடம் இதை வாய்ச்சொல்லாக வைக்காமல் மேலாண்மைக் குழுத் தீர்மானமாகக் கொண்டுபோங்கள்.

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் விலைப்பலகையை ஒரு வாரம் குறித்துவாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று அன்றன்று விலை கட்டுவார்கள். கடைக்கு வாடகையில்லை, தராசும் உண்டு, அதனால் விவசாயிக்கும் கட்டுப்படியாகும். இந்தச் சந்தையே அரசுப் பணத்தில் நிற்பதுதான். விவசாயி கூடையோடு ஏறும் விடியற்காலைப் பேருந்தை அரசு ரத்து செய்தால் தூரத்து ஊர்க்காரர்கள் வருவதை விடுவார்கள், வரத்து குறையும், பலகையில் விலை ஏறும், அடுத்த மாதம் வாங்குபவர்களும் குறைவார்கள். 2001இல் ஆட்சி மாறிய பிறகு பல சந்தைகள் கவனிப்பில்லாமல் போய், 2006க்குப் பிறகுதான் மறுபடி உயிர்பெற்றன. உங்கள் சந்தையில் வரத்து மெலிகிறது என்றால் முதலில் பேருந்து வருகிறதா என்று விசாரியுங்கள்.

விடியற்காலையில் தரம் நன்றாக இருக்கும், விலை இறங்காது. கடை கட்டும் நேரத்தில் விவசாயி மிச்சத்தைத் திரும்பத் தூக்கிப்போக விரும்ப மாட்டார். கீரை, வெண்டை, தக்காளி ஆகியவை அப்போது மலிந்துவிடும். அன்றைக்கே சமைக்க நேரம் இருக்காது. மறுநாளைக்கு என்றால் கீரை தாங்காது. ஆகவே கடைசி நேரத்தில் கீரையை விட்டுவிட்டுக் கத்தரி, சுரை, பீர்க்கன், பூசணி என்று வாங்குவதே புத்தி.

நாலைந்து மையங்கள் சேர்ந்து மொத்த மண்டியில் எடுப்பது இன்னும் மலிவு. ஐந்து மையங்களுக்கு வாரம் 90 கிலோ ஆகிறது. மூட்டையாகவும் பெட்டியாகவும் பேசலாம். இதில் சண்டை வருவது பிரிக்கும்போதுதான். பெட்டியின் மேலே நல்ல தக்காளி, அடியில் கசங்கியது. முதலில் வருபவர் மேலே எடுத்துக்கொண்டால் அடுத்த வாரம் கூட்டு உடையும். தார்ப்பாயில் முழுக்கக் கொட்டிக் கலந்துவிட்டு, மையத்தின் பிள்ளை எண்ணிக்கைப்படி நிறுத்துப் பிரியுங்கள். வண்டிக் கூலியையும் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று பங்கிடுங்கள்.

விவசாயியிடம் அச்சடித்த ரசீது இருக்காது. கைச்சீட்டில் தேதி, காய், எடை, விலை, அவருடைய உழவர் சந்தை அடையாள அட்டை எண், கையெழுத்து இவ்வளவும் இருந்தால் நல்லது. தணிக்கையில் அது செல்லுமா என்பதை வாங்கத் தொடங்கும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் கேட்டால் அமைப்பாளர் கைக்காசைத்தான் கட்ட நேரும்.

எது மலிவு என்பதை நறுக்கிய எடையில் பாருங்கள். பூசணி கிலோ 20 ரூபாய், கால் பங்கு கழிவு என்றால் உண்மை விலை 27 ரூபாய்க்குப் பக்கம். வெண்டை 40 ரூபாய், பத்தில் ஒரு பங்கு கழிவு, 44 ரூபாய். பூசணி அப்போதும் மலிவுதான். ஆனால் பீன்ஸ், காலிஃபிளவர் இரண்டையும் இப்படிக் கணக்குப் போட்டால் சத்துணவுப் பணத்துக்கு ஒத்துவராது என்று உடனே தெரியும்.

வைத்துக் கெடாமல் இருக்க

வாங்கியதில் வாரத்துக்கு ஒரு கிலோ வாடி வீணானால், பணத்தை வெட்டியதற்கு மேல் நாமும் ஒரு வெட்டு வெட்டுகிறோம். மையத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்காது, இருந்தாலும் 18 கிலோவுக்கு இடம் பத்தாது. வாரத்தின் வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்கிய நாளில் கீரை. மறுநாள் வெண்டை, கத்தரி, அவரை. அடுத்து முட்டைக்கோஸ், வாழைக்காய். கடைசி நாள்களுக்குக் கேரட், பீட்ரூட், சேனை, முழுப் பூசணி. கேரட்டையும் பீட்ரூட்டையும் வாங்கியதும் தழையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தழை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூசணியை வெட்டிவிட்டால் இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்; நறுக்காத பூசணி வாரக்கணக்கில் நிற்கும்.

உள்மாவட்டங்களில், காற்று வறண்ட இடங்களில், மின்சாரம் இல்லாத குளிர் அறை கட்டலாம். டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் வடிவம் இது. செங்கல்லில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 அகலத்தில் ஒரு தளம். அதன் மேல் 67.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க ஆற்று மணல். மேலே மூங்கில் சட்டத்தில் கோரையோ வைக்கோலோ கட்டிய மூடி. காலையும் மாலையும் மணலையும் சுவரையும் நனைக்க வேண்டும். உச்சிக் கோடையில் வெளியை விட 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறையும். ஈரப்பதமும் நிற்பதால் காய் சுருங்காது. ஏறக்குறைய 100 கிலோ பிடிக்கும். ஒரு பள்ளிக்கு இதில் பாதி நீளம் போதும்.

இது பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. கடலோர மாவட்டங்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, குளிரவும் குளிராது. மழை மாதங்களில் எங்குமே பயன் குறைவு. வெயிலில் கட்டினால் நனைத்த தண்ணீர் வீண், நிழலும் காற்றோட்டமும் வேண்டும். சுவருக்குச் சிமெண்ட் பூசிவிட்டால் செங்கல் நீரைச் சுவாசிக்காது. ஆர்வத்தில் பூசிவிடும் கொத்தனார்கள் உண்டு, பக்கத்தில் நின்று தடுங்கள். வெங்காயம், பூண்டு, உருளையை உள்ளே வைத்தால் முளைத்து அழுகும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

ஒரு சென்ட் தோட்டம்

வாரம் 5 கிலோவுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதில் பாதி கீரைப் பாத்திக்கு, மீதி முருங்கைக்கும் வாழைக்கும் நடைபாதைக்கும். பள்ளித் தோட்டம் என்றதும் தக்காளி, மிளகாய், கத்தரி, கேரட் என்று வகைக்கு நாலு செடி வைத்துப் படம் எடுப்பார்கள். ஒரு பாத்திரத்துக்குக் கூட ஆகாது. அறுபது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் ஒரே நாளில் ஒரே காய் மூன்று கிலோ கையில் வர வேண்டும். அதைக் கொடுப்பது கீரை.

இடம் தேர்வு: ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். வேம்பு, புளி நிழலில் கீரை நீண்டு சோகையாகும். கழிவறைத் தொட்டிக்குப் பக்கம் வேண்டாம். பள்ளி வளாகத்து மண்ணில் பழைய கட்டட இடிபாடு, சுண்ணாம்பு, ஓட்டுச் சில்லு கிடக்கும்; ஓர் அடி ஆழம் தோண்டிச் சலித்து எடுத்தால்தான் வேர் இறங்கும். முதல் வருடம் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

13 அடி நீளம், 4 அடி அகலத்தில் நான்கு பாத்தி போடுங்கள். நான்கு அடிக்கு மேல் அகலம் போனால் பிள்ளைகளின் கை நடுவுக்கு எட்டாது, காலை வைத்து மிதிப்பார்கள். ஒரு பாத்திக்கு நன்றாக மக்கிய எரு 12 கிலோ. மக்காத சாணம் போட்டால் கரையானும் களையும்தான் விளையும். முளைக்கீரை அல்லது தண்டுக்கீரை விதை பாத்திக்கு 3 கிராம், அதாவது முக்கால் தேக்கரண்டி. இரண்டு கைப்பிடி மணலில் கலந்து தூவி, கையால் லேசாகக் கிளறி, பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயைத் திருப்பிவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். எறும்பு விதையை இழுத்துப் போகும். பாத்தியைச் சுற்றி அரிசி நொய் தூவினால் அதை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும்.

முதல் வாரம் ஒரு பாத்தி, இரண்டாம் வாரம் அடுத்தது என்று விதையுங்கள். நாலாவது பாத்தி விதைத்த அடுத்த வாரம் முதல் பாத்தி பிடுங்கத் தயார். நான்கையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, ஒரே வாரத்தில் பதினான்கு கிலோ கீரையை என்ன செய்வது என்று திகைத்து, பிறகு மூன்று வாரம் வெறும் மண்ணைப் பார்ப்பது வழக்கமான தவறு. நல்ல நிலத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் கீரை கிடைக்கும். பள்ளிக் கைகளில் அதில் முக்கால் பங்கை எதிர்பார்க்கலாம். பாத்திக்கு மூன்றரைக் கிலோ என்று வையுங்கள். ஒரு பாத்தியில் மூன்று முறை கீரை எடுத்தபின் ஒரு முறை தட்டைப்பயறோ கொத்தவரையோ போட்டால் மண் தேறும்.

மீதி ஒன்றரைக் கிலோவுக்கு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 செடிமுருங்கை நாலு போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, எட்டடி இடைவெளி. செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கொம்பாக மேலே போய், கீரை பறிக்க ஏணி தேட வேண்டிவரும். வகுப்பறைச் சன்னலை ஒட்டி மட்டும் நடாதீர்கள். மழைக்குப் பின் கம்பளிப்புழு மொய்க்கும், அதன் மயிர் பட்டால் பிள்ளைகளுக்கு உடம்பு தடிக்கும். தண்டில் கூட்டமாக இருக்கும்போதே பெரியவர்கள் யாராவது அப்புறப்படுத்திவிட வேண்டும்.

வேலி ஓரமாக தவசிக்கீரைக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் வருடம் முழுக்கக் கிள்ளலாம். வேலிக்கே கிளுவைக் குச்சி நட்டு, அது தழைக்கும் வரை பழைய மீன்வலையைக் கட்டுங்கள். ஆடு ஒரு முறை நுழைந்தால் ஒரு மாத உழைப்பு பத்து நிமிடத்தில் போகும்.

தண்ணீர்தான் எல்லோரும் சொல்லும் தடை. கோடையில் பாத்திக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர், நான்குக்கும் 100 லிட்டருக்குள். ஆறு கிலோ அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் சேர்ந்து 30 லிட்டருக்கு மேல் தேறும். அதைப் பாத்திக்கு விடலாம். பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீர் வேறு ரகம். சோப்பும் எண்ணெயும் கலந்தது, கீரைக்கு ஆகாது. அதற்கு ஆறடி விட்டத்தில் இரண்டரை அடி ஆழ வட்டக்குழி வெட்டி, காய்ந்த சருகை நிரப்பி, விளிம்பில் நாலு மொந்தன் வாழை வையுங்கள். குழியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கொசு. சருகு அமுங்க அமுங்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் வாழைக்காயும் பூவும் தண்டும் வரும்.

வெண்டை வைக்க இடமிருந்தால் ஒன்றரை அடி வரிசை, செடிக்குச் செடி ஓரடி. நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். சனி, ஞாயிறு விடுமுறையே அதற்கு எமன். இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நோய், மருந்தில் தீராது, செடியைப் பிடுங்கிவிடுங்கள். பொதுவான பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு: லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பறிப்பதற்கு முந்தின சில நாள்களில் வேண்டாம், கசப்பு தங்கும்.

காலத்தைப் பள்ளி நாள்காட்டியோடு பொருத்துங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மண் வேலை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது இங்கே சரியாக வந்து பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த பாத்தியில் கீரை அழுகும். அரையடி உயர மேட்டுப்பாத்தி ஆக்குங்கள். அந்த இரண்டு மாதம் விளைச்சல் குறையும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தையில் விளைச்சல் மறுபடி சூடு பிடிக்கும். கோடை விடுமுறைக்கு முன் பாத்திகளைக் காலி செய்து, சருகால் மூடிவிடுங்கள். முருங்கையை மூன்றடியில் வெட்டிவிட்டால் வாரம் ஒரு தண்ணீரில் ஜூனுக்குத் தழைத்து நிற்கும். அந்த வாரத் தண்ணீருக்கு மேலாண்மைக் குழுவில் பெயர் போட்டு முறை வையுங்கள். "யாராவது ஊத்திடுவாங்க" என்று விட்ட தோட்டம் மே மாதம் தாண்டியதில்லை.

வேலையைச் சமையலர் தலையிலும் உதவியாளர் தலையிலும் கட்டாதீர்கள். அவர்களுடைய சம்பளத்துக்கு அடுப்பு வேலையே அதிகம். பிள்ளைகள் செய்யலாம், ஆனால் எல்லாப் பிள்ளையும், முறை வைத்து, வாரத்தில் அரை மணி நேரம். குப்பை அள்ளுவதும் குழி தோண்டுவதும் குறிப்பிட்ட சில பிள்ளைகளிடமே போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுப்பில்

கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள்; நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். பருப்பு வெந்தபின் கடைசியில் சேர்த்தால் போதும். கீரையை ஒதுக்கும் பிள்ளைகளுக்குப் பருப்போடு கடைந்து கொடுங்கள், தெரியாமல் இறங்கும். முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரியல் செய்தால் ருசிதான். இருந்தும் சத்துணவில் அதைச் செய்ய வேண்டாம். அவித்த முட்டை பிள்ளைக்கு ஒன்று என்று எண்ணத் தெரியும். பொரியலில் எத்தனை முட்டை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் கேசரி கொண்டுவர விரும்புபவர்களிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள்: 3 கிலோ காய், ஒரு நாள். பள்ளிச் சுவரில் எழுதியும் வைக்கலாம்.

பதிவேடும் கோரிக்கையும்

தோட்டம் நன்றாக விளைந்தால் ஓர் ஆபத்து இருக்கிறது. "அந்த மையத்தில் காய் தாராளமாக இருக்கிறதே" என்று அதையே காட்டி ஒதுக்கீட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே பதிவேட்டில் மூன்று கட்டம்: வாங்கியது, தோட்டம், நன்கொடை. மூன்றும் நறுக்கிய எடையில். மாதக் கடைசியில் வாங்கியதை மட்டும் பிள்ளை எண்ணிக்கையாலும் உணவு நாள்களாலும் வகுத்து, தலைக்கு எத்தனை கிராம் என்று எழுதுங்கள். அரசின் பணம் எவ்வளவு காய் வாங்கியது என்பதை அந்த எண் சொல்லும். தோட்டத்துக் கீரை அதற்கு மேல் வந்தது, அதற்குப் பதில் வந்ததில்லை.

பணம் எப்போது விடுவிக்கப்பட்டது, எத்தனை உணவு நாளுக்கு, தலைக்கு எந்த வீதத்தில் என்ற மூன்று கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அமைப்பாளர் பெயரில் கேட்காமல் பெற்றோர் யாராவது கேட்பதே நல்லது. காரணம் சொல்லத் தேவையில்லை.

தீர்மானத்தைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கூடுகிறது. தீர்மான நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, எண்ணிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் "சத்தான உணவு கிடைக்க ஆவன செய்யும்படி" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்:

"எங்கள் மையத்தில் ஜூலை மாதம் 22 நாள் 60 பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. அளவுகோல்படி தேவைப்பட்ட காய்கறி 66 கிலோ. உணவூட்டுச் செலவினத்தில் வாங்க முடிந்தது, கழிவு நீக்கி, 45 கிலோ. பிள்ளைக்கு நாளொன்றுக்கு 34 கிராம். குறைவு 21 கிலோ. கழிவையும் சேர்த்து 25 கிலோ வாங்க, அந்த மாதச் சராசரி விலை கிலோ 46 ரூபாய் வீதம், 1,150 ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. கைச்சீட்டுகளின் நகல் இணைப்பு. இந்தத் தொகையை விடுவிக்கவும், காய்கறிக்கான வீதத்தை உழவர் சந்தை விலையோடு இணைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தவும் கோருகிறோம்."